‘அனுப்பியவை’யில் இல்லாத கடிதம்

இரண்டே பெண்கள் பிறந்த வீட்டில் இளையவள் என்பதால் அவளுக்குச் சின்னவள் என்று பேர் விழுந்தது. நாற்பத்திரண்டு வயதாகி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பேர் அவளை விட்டபாடில்லை. கட்டிக்கொண்டவரும் அப்படித்தான் கூப்பிட்டார். மூத்தவள், அதாவது பெரியவள், சரக்குக் கப்பலில் பொறியாளர். ஒரு துறைமுகத்தில் ஏறினால் அடுத்த துறைமுகம் வரும்வரை அவளுக்கு ஃபோனும் கிடையாது, மெயிலும் கிடையாது. கரை தட்டியதும் மொத்தமாகப் படித்து மொத்தமாகப் பதில் போடுவாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அக்காவுக்கு ஒரு நீளமான மெயில் எழுதுவது சின்னவளின் வழக்கம். பதில் ஒரு மாதம் கழித்து வந்தாலும் அவளுக்குக் குறையில்லை. மனசில் இருப்பதைக் கொட்டினால் சரி.

சின்னவளுக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பதினேழு வருடச் சர்வீஸ். காலையில் வேன்காரர் புட்டி புட்டியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து இறக்குவார். ஒவ்வொரு புட்டியிலும் எந்தத் தொட்டி, எந்தத் தெருக்குழாய் என்று சீட்டு ஒட்டியிருக்கும். அதில் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மருந்து சொட்டி, பத்து நிமிடம் பொறுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீரில் அம்மோனியா இருந்தால் மஞ்சள் ஏறும். எவ்வளவு மஞ்சள் என்பதை, வரிசையாக அடுக்கிய மாதிரிக் கண்ணாடிகளோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். லேசான மஞ்சள் என்றால் பயமில்லை. அதைத் தாண்டினால் எங்கேயோ சாக்கடை கலக்கிறது என்று அர்த்தம். மீதித் தண்ணீரைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, அளவைப் பதிவேட்டில் எழுதிவிட்டால், மறுநாள் மதியம் அறிக்கை வெளியே போகும். அந்தக் கூடத்தில் எல்லாமே கண்ணை நம்பித்தான் நடந்தது.

அந்தக் கண்தான் மக்கர் பண்ணியது.

முதலில் வீட்டுச் சட்டைகளெல்லாம் பழுப்பாகத் தெரிந்தன. சலவை இயந்திரத்தைத் திட்டினாள். சோப்பை மாற்றினாள். பிறகு ஒருநாள் ஜன்னலோரம் நின்று இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பார்த்தாள். வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தாள். வலக்கண்ணுக்கு வெள்ளைச் சுவர் வெள்ளையாக இல்லை. தேநீர் சிந்தித் துடைத்த மாதிரி இருந்தது. இடக்கண்ணுக்கும் லேசாக அதே கறை. சட்டையில் கோளாறில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது சின்னவளுக்குப் பதினாறு வயது. கட்டுப் பிரித்த அன்று அப்பா, "ஏன் விளக்கைப் போடாம வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் கண் அதோடு போயிற்று. அதனால் டாக்டரிடம் போகிற பேச்சே அவளுக்கு ஆகவில்லை. கணவர் காரோட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டில் இருந்தபடியே பிரேக் போடுவது அவர் தொழில். அவரிடம் சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். ஆபீசில் சொன்னால் நிறம் பார்க்கும் மேஜையிலிருந்து எழுப்பி, கீழே புட்டிக்குச் சீட்டு ஒட்டுகிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சம் இருந்தது கப்பலில் இருக்கும் அக்கா ஒருத்திதான்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் மெயில் விவகாரத்தில் கை வைத்தாள்.

நாத்தனார் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தாள். இவர்களோடுதான் இருந்தாள். இருபத்தொன்பது வயது. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். ஆபீசிலிருந்து வந்த அவசர மெயில் ஒன்றை அண்ணி லீவு நாளில் பார்க்காமல் விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று தெரிந்ததும், லேப்டாப்பை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கு அண்ணி ஆபீஸ் மெயிலுக்கு ஒரு இடம், சொந்த மெயிலுக்கு ஒரு இடம்? ரெண்டையும் ஒரே புரோகிராம்ல போட்டுத் தர்றேன். எது வந்தாலும் இங்கேயே தெரிஞ்சிடும்."

"ஒண்ணோட ஒண்ணு கலந்துடாதே?"

"கலக்காது. மேல ஆபீஸ், கீழ சொந்தம். மாடி வீடு, கீழ் வீடு மாதிரி. பாஸ்வேர்டை நீங்களே அடிங்க, நான் திரும்பிக்கறேன்."

திரும்பித்தான் நின்றாள். ஆனால் அவள் திரும்பிய பக்கம் பீரோக் கண்ணாடி இருந்தது என்பது சின்னவளுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, புதுப் புரோகிராமில் முதல் கடிதம் எழுதினாள். பெறுநர் இடத்தில் ‘அக்கா’ என்று அடித்ததும் அதுவே முகவரியை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது. பரவாயில்லையே, கெட்டிக்காரப் பெட்டிதான் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணைப் பற்றி எழுதினாள். போன வாரம் இரண்டு குழாய்களில் நிறம் பிடிபடாமல் குத்துமதிப்பாக எண் போட்டதை எழுதினாள். ஆபீஸ் புலம்பலும் கொஞ்சம் எழுதினாள். அனுப்பிவிட்டு எழுந்தபோது தோளில் இருந்து மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த மூட்டை திரும்பி வந்து ஏறிக்கொண்டது.

கூடத்துக்கு மேற்பார்வையாளர் ஒரு அம்மாள். ஐம்பத்தேழு வயது. ஒண்டிக்கட்டை. இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்த காவலாளிக்கும் அக்கா. அளந்துதான் பேசுவார். அப்படிப்பட்டவர் அன்று சின்னவளின் மேஜையருகே வந்து நின்று, "வெளிச்சம் போதுமா இங்க?" என்று கேட்டார்.

"போதும்க்கா."

"ஜன்னல் பக்கத்து மேஜைக்கு வேணா மாறிக்கோயேன்."

பதினேழு வருடத்தில் கேட்காத கேள்வி. சின்னவள் தலையாட்டி வைத்தாள். ஆனால் மூக்கில் வேர்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பதிவேட்டைத் திறந்தபோது அவள் எழுதிய எண்களின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. மற்றவர்கள் எழுதிய பக்கங்களில் புள்ளி இல்லை. குளிர்பெட்டியில் அவள் வைத்துவிட்டுப் போன புட்டிகளில் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. வாசல் காவலாளியிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தாள்.

"அக்காவா? இப்பெல்லாம் ஏழு மணிக்கே வந்துடறாங்களே. நாந்தான் பூட்டைத் திறந்து விடறேன்."

கூடம் திறப்பது ஒன்பதுக்கு. இரண்டு மணி நேரம் முன்னால் வந்து அவளுடைய தண்ணீரை எடுத்து அவளுடைய கணக்கைச் சரிபார்க்கிறார் என்றால், விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணைப் பற்றி அவள் வாய் திறக்கவே இல்லை. எழுதியது ஒரே ஒரு இடத்தில்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தாள். கீழ் வீட்டில், அதாவது தன் சொந்தக் கணக்கில், ‘அனுப்பியவை’ என்ற பெட்டியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் அதில் இல்லை. அதற்கு முந்தின ஞாயிறு அனுப்பியதுதான் கடைசியாக இருந்தது. மேலே கீழே இழுத்துப் பார்த்தாள். குப்பைப் பெட்டியைப் பார்த்தாள். எங்கும் இல்லை. யாரோ படித்துவிட்டு, தடயம் தெரியாமல் அழித்திருக்கிறார்கள்.

அந்த லேப்டாப்பைத் தொடுகிற கை அந்த வீட்டில் இன்னும் ஒன்றுதான் உண்டு. பக்கத்து அறையில் அந்தக் கைக்குச் சொந்தக்காரி தணிந்த குரலில் யாரோடோ ஃபோன் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணியின் காலடிச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது.

சின்னவள் பாஸ்வேர்டை மாற்றினாள். அடுத்த ஞாயிறு இரண்டாவது கடிதம் எழுதி அனுப்பினாள். அரை மணி கழித்துப் பார்த்தாள். அதுவும் ‘அனுப்பியவை’யில் இல்லை. வாரத்துக்குள் பென்சில் புள்ளிகள் இரட்டித்தன. மூன்றாவது கடிதத்துக்கும் அதே கதிதான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை அவளால். எழுதுவதை நிறுத்தினால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. கூடத்திலிருந்து மாதிரிப் புட்டிக்கு ஒட்டும் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து, லேப்டாப்பை மூடி அதன் விளிம்பில் முத்திரை மாதிரி ஒட்டிவைத்தாள். மறுநாள் சாயங்காலம் சீட்டு கிழியாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து அவள் நிம்மதி அடைந்திருக்கலாம். மாறாக, இவ்வளவு நேர்த்தியாக எடுத்துத் திரும்ப ஒட்டியிருக்கிறாளே, எப்பேர்ப்பட்ட கைகாரி என்று ஆச்சரியப்பட்டாள்.

சந்தேகம் வந்த கண்ணுக்குப் புரை இருந்தாலும் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். ஒரு நாள் மதியம் கூடத்து வாசலில், வேன் மறைவில், நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். எதிரே வேன்காரர். அவள் ஏதோ சொல்ல, அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாடி ஜன்னலில் நின்றிருந்த சின்னவளுக்கு எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது. நாத்தனார் படிக்கிறாள், வேன்காரரிடம் சொல்கிறாள், வேன்காரர் மேற்பார்வையாளர் காதில் போடுகிறார். எதற்காக? அது மட்டும்தான் பிடிபடவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நைசாகக் கேட்டாள்.

"இன்னிக்கு எங்க ஆபீஸ் பக்கம் வந்திருந்தியா?"

"நானா? இல்லையே அண்ணி. கடையில மூச்சு விட நேரமில்ல."

வாய் கூசாமல் ஒரு பொய். சின்னவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "என்ன, உப்பு கம்மியா?" என்று கணவர் கேட்டார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றாள். குரலில் இருந்த காரத்தைப் பார்த்து அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொய்யாக ஒரு கடிதம் எழுதினாள். ‘அக்கா, முடிவு பண்ணிட்டேன். புதன்கிழமை காலையில நேரா இயக்குநர் ரூமுக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்கப் போறேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லல.’ அனுப்பிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். ராஜினாமா செய்யும் எண்ணம் அவளுக்குக் கனவிலும் கிடையாது. இந்தச் செய்தி யார் வாயிலிருந்து வெளியே வருகிறது என்பதுதான் அவளுக்கு வேண்டும்.

நாத்தனார் வாயிலிருந்து திங்களும் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை காலை சின்னவள் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தபோது, இயக்குநர் அறைக்குப் போகும் மாடிப்படியில், கீழிருந்து மூன்றாவது படியில், மேற்பார்வையாளர் நின்றிருந்தார். சும்மா நிற்கவில்லை. இரண்டு கைப்பிடிச் சுவரையும் பிடித்துக்கொண்டு, யாரும் தாண்ட முடியாதபடி நின்றிருந்தார்.

"எங்க போறே?"

"என் மேஜைக்குக்கா."

"மேஜைக்கு வேணாம். குளிர் அறையில பழைய புட்டியெல்லாம் குவிஞ்சு கிடக்கு. வா, ரெண்டு பேருமா எண்ணி அடுக்கலாம்."

"அது கீழ இருக்கறவங்க வேலையாச்சே?"

"இன்னிக்கு நம்ம வேலை."

அன்று முழுக்க அவர் சின்னவளைத் தனியே விடவில்லை. புட்டிகளை அடுக்கினார்கள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்கள். தண்ணீர் குடிக்கப் போனால் கூட வந்தார். கழிவறைக்குப் போனால் வெளியே நின்றார். பகல் இரண்டு மணிக்கு இயக்குநர் வெளியூர் கிளம்பிப் போன பிறகுதான், "சரி, போய் உன் வேலையைப் பாரு," என்று விட்டார்.

சின்னவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவள் மேஜைக்குப் போகவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். நாத்தனாருக்கு அன்று வார விடுமுறை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா என் லெட்டரைப் படிச்சிட்டிருக்கே?"

"என்ன அண்ணி?"

"நடிக்காதே. கண்ணாடியில பாத்து பாஸ்வேர்டு எடுத்தே. படிச்சே. படிச்சுட்டு அழிச்சே. அதை வேன்காரர் மூலமா எங்க ஆபீஸ் அக்கா காதுல போட்டே. நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?"

நாத்தனாரின் கையிலிருந்த துணி நழுவியது. முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. வேன்காரர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் கண் கதவுப் பக்கம் போய் வந்ததைச் சின்னவள் கவனித்துக்கொண்டாள்.

"அவரைப் பத்தி யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"நானே பாத்தேன். வேன் பின்னால."

"அண்ணி, அவரும் நானும்..." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஆறு மாசமா முழிச்சிட்டிருக்கோம். அன்னிக்கு அதுக்காகத்தான் வந்தேன். நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன், தப்புதான். ஆனா உங்க லெட்டர்? சத்தியமா ஒரு எழுத்து படிச்சதில்ல."

"அப்ப லெட்டர் எங்க போச்சு?"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை எடுத்தாள். விளிம்பில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், கிழித்தாள்.

"பாஸ்வேர்டை அடிங்க. இந்தத் தடவை நான் வெளிய போய் நிக்கறேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தவள், தேடும் இடத்தில் ‘அக்கா’ என்று அடித்தாள். மேல் வீட்டில், ஆபீஸ் கணக்கின் ‘அனுப்பியவை’யில், நான்கு கடிதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

"இங்கதான் இருக்கு அண்ணி. எதுவும் அழியல. நீங்க புதுசா எழுதும்போது மேல ‘அனுப்புநர்’னு ஒரு வரி வரும். அதை நீங்க மாத்தலன்னா முதல் கணக்கையே எடுத்துக்கும். முதல் கணக்கு ஆபீஸ். அதனால ஆபீஸ் முகவரியிலேர்ந்து போயிருக்கு. நீங்க கீழ் வீட்லயே தேடியிருக்கீங்க."

"சரி. எங்கேர்ந்து போனா என்ன, அக்காவுக்குத்தானே போயிருக்கு?"

நாத்தனார் பெறுநர் முகவரியின் மேல் அம்புக்குறியை வைத்தாள். வைத்துவிட்டு, மெல்ல லேப்டாப்பை அண்ணியின் பக்கம் திருப்பினாள்.

போயிருந்தது அக்காவுக்குத்தான். எந்த அக்காவுக்கு என்பதுதான் விஷயம். ஆபீஸ் முகவரிப் புத்தகத்தில் மேற்பார்வையாளரை அவள் ‘அக்கா’ என்றுதான் பதிந்து வைத்திருந்தாள். சொந்தப் புத்தகத்தில் பெரியவளும் ‘அக்கா’. இரண்டு புத்தகமும் ஒன்றாகச் சேர்ந்தபோது இரண்டு அக்காவும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றார்கள். புரோகிராம் முதலில் நின்றவரைக் காட்டியது. சின்னவள் மங்கிய கண்ணோடு அதையே தட்டினாள்.

அவள் முதல் கடிதத்தைத் திறந்து படித்தாள். படிக்கப் படிக்கக் காது சூடேறியது. ‘எங்க மேற்பார்வை இருக்கே, அது மனுஷியே இல்லக்கா. உறைபெட்டி. பக்கத்துல போனா குளிரும். அதுக்கு மட்டும் என் கண் விஷயம் தெரிஞ்சா, மறுநாளே என்னைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டுக் கை கழுவிடும்.’ இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இதைவிடக் காரமாக இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு.

நாத்தனார் துணி மடிக்கத் திரும்பிப் போய்விட்டாள். "நான் உன்னை..." என்று சின்னவள் ஆரம்பித்தாள்.

"இப்ப வேணாம் அண்ணி," என்றாள் அவள், திரும்பாமலேயே. "இப்ப எது சொன்னாலும் எனக்குக் கோபம்தான் வரும்."

மறுநாள் ஏழு மணிக்கே சின்னவள் கூடத்துக்குப் போனாள். ஜன்னலோரம் மேற்பார்வையாளர் ஒரு கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்து மாதிரிகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்னவளின் பதிவேடு திறந்திருந்தது. காலடி கேட்டுத் திரும்பியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குழாயைத் தாங்கியில் வைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டே போல."

"நேத்துதான்."

மேற்பார்வையாளர்தான் ஆரம்பித்தார்.

"முதல் லெட்டர்ல ‘அக்கா, உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்’னு எழுதியிருந்தே. திடீர்னு என்னை ஒருமையில கூப்பிடறாளேன்னு பாத்தேன். சரி, ஏதோ கஷ்டம் போலன்னு படிச்சேன். ‘கப்பல் எந்தத் துறைமுகத்துல நிக்குது’ன்னு கடைசியில வந்தப்பதான் இது உன் கூடப்பிறந்தவளுக்குன்னு புரிஞ்சுது. அதுக்குள்ள எல்லாம் படிச்சாச்சு. உறைபெட்டி வரைக்கும்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லணும்னுதான் உன் மேஜைக்கு வந்தேன். சொன்னா, நீ என்னைப் பத்தி எழுதினதை நான் படிச்சிட்டேன்னு உனக்குத் தெரிஞ்சுபோகும். அப்புறம் நீ எப்படி என் முகத்துல முழிப்பே? வெளிச்சம் போதுமான்னு மட்டும் கேட்டுட்டுத் திரும்பிட்டேன். அதுக்காகத் தண்ணியை அப்படியே விட முடியுமா? ஊரு குடிக்குது. அதான் காலையில வந்து நானே பாத்தேன்."

"தப்பு இருந்துச்சா?"

"நாலு வாரத்துல மூணு. ரெண்டு சின்னது. ஒண்ணு மேட்டுத் தெருத் தொட்டி. நீ பயமில்லன்னு எழுதியிருந்தே. நான் பாத்தப்ப மஞ்சள் நல்லா ஏறியிருந்துது. அறிக்கை போறதுக்கு முன்னாடி மாத்திட்டேன். போய்த் தோண்டிப் பாத்தாங்க. குழாய் விட்டுப்போயிருந்துது."

சின்னவள் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த நாலு வாரமும் அவளைப் பற்றி யார் என்ன செய்கிறார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தாளே தவிர, அந்தத் தொட்டியிலிருந்து குடித்தவர்களை ஒரு தரம்கூட நினைக்கவில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் கூடவே ஒரு கோபமும் வந்தது.

"முதல் லெட்டர் தெரியாம படிச்சீங்க. சரி. ரெண்டாவது? மூணாவது?"

மேற்பார்வையாளர் மேஜையில் சிந்தியிருந்த ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"படிச்சிருக்கக் கூடாது. கண்ணு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பாதிதான் நெஜம். எனக்கு யாரும் அவ்வளவு பெருசா எழுதறதில்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடுச்சான்னு பாக்க ஆரம்பிச்சிட்டேன். நீ என்னைத் திட்டித்தான் எழுதியிருப்பேன்னு தெரியும். இருந்தாலும் பாத்தேன்."

சின்னவளுக்கு மன்னிக்கவும் மனசில்லை, சண்டை போடவும் வாயில்லை. "என்னை இந்த மேஜையிலேர்ந்து எடுத்துடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

"எடுக்கத்தான் போறேன். இன்னிக்கே. எழுத்துல. கண்ணு சரியாகி டாக்டர் சீட்டு வர்ற வரைக்கும் கீழ சீட்டு ஒட்டு. அந்த மூணு தப்பையும், நான் ரகசியமா சரிபாத்ததையும் இயக்குநர்கிட்ட நானே சொல்லிடறேன். திட்டு ரெண்டு பேருக்கும் சமமா விழும்."

விழுந்தது. இயக்குநர் இருவரையும் நிற்க வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். ஒருத்தி மறைத்தாள், இன்னொருத்தி மறைத்ததை மறைத்தாள், நடுவில் ஊர் தண்ணீர் குடித்தது என்று அவர் சொன்னதில் இருவருக்கும் மறுப்பில்லை.

கணவரிடம் அன்று சாயங்காலம் சொன்னாள். எதிர்பார்த்தபடியே அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வருடக்கணக்காக அலர்ஜிக்குத் தானாகவே மருந்துக் கடையில் வாங்கி ஊற்றிக்கொண்ட சொட்டு மருந்தால் வந்த புரை, இந்த வயதில் வரவேண்டியதே இல்லை என்று கோபித்துக்கொண்டார். அப்பாவின் கதையைச் சொன்னாள். அது இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின கதை என்று அவர் சொன்னார். அவள் நம்பவில்லை. நம்பாமலேயே கையெழுத்துப் போட்டாள்.

கட்டுப் பிரித்த அன்று அவளோடு இருந்தது நாத்தனார். ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவள், கணவருக்கு வகுப்பு இருந்ததால் வேறு வழியில்லாமல் வந்திருந்தாள். பஞ்சை எடுத்ததும் சின்னவள் முதலில் சுவரைப் பார்த்தாள். வெள்ளை. கண் கூசும் வெள்ளை. பிறகு பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"இந்தச் சட்டை நீலமா? நான் இத்தனை நாளா பச்சைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நீலம்தான் அண்ணி. அவர் வாங்கிக் குடுத்தது."

"உங்க அண்ணன்கிட்ட நான் பேசறேன்."

"அதுக்காக நான் கோபத்தை விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க."

"நெனைக்கல."

"உங்க கூடவே இருக்கறவ. என்னைப் போய்..." அவள் உதடு துடித்தது. "சீட்டு ஒட்டி வெச்சிருந்தீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல."

சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை. அது சரியாக இன்னும் பல மாதங்கள் பிடித்தன. வேன்காரர் வீட்டுக்கு வந்து, அண்ணனோடு காரில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டி, "கை சுத்தமா இருக்கு, திருப்பத்துல கொஞ்சம் அவசரம்" என்று சான்றிதழ் வாங்கிய பிறகுதான் வீட்டில் சிரிப்புத் திரும்பியது.

பெரியவளின் கப்பல் கரை தட்டியபோது, ஐந்து வாரமாக ஒரு வரிகூட எழுதாத தங்கையிடம் அவள் ஃபோனில் எரிந்து விழுந்தாள். சின்னவள் நடந்ததைச் சொன்னாள். பெரியவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, பிறகு அவளைக் கண்டபடி திட்டினாள். கண்ணை மறைத்ததற்கு ஒரு திட்டு, நாத்தனாருக்காக இரண்டு திட்டு.

ஆறு வாரம் கழித்து டாக்டர் சீட்டோடு சின்னவள் பழைய மேஜைக்குத் திரும்பினாள். இப்போது ஒரு குழாயை ஒருவர் மட்டும் பார்ப்பதில்லை. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எண்ணை எழுதி, ஒத்துப்போனால்தான் பதிவேட்டில் ஏறும். சின்னவளோடு ஜோடி சேர்த்துப் போட்டிருந்தது மேற்பார்வையாளரை. பழைய மாதிரி அக்கா என்று கூப்பிட இவளுக்கு வாய் வரவில்லை. மொட்டையாகவே பேசி ஓட்டினாள்.

ஒரு வியாழக்கிழமை ஒரு குழாயில் இருவர் எண்ணும் ஒத்துப்போகவில்லை. மேற்பார்வையாளர் மூன்றாவது கண்ணாடி என்றார். இவள் இரண்டாவது என்றாள். மறுபடி பார்த்தார்கள். அவர் மூன்றாவது என்றே நின்றார். வேறொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவளும் இரண்டாவது என்றாள். மேற்பார்வையாளர் குழாயைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு கண்ணை மூடினார். அப்படி ஒரு கண்ணை மூடுவது எதற்கென்று சின்னவளுக்குத் தெரியும்.

"இந்த வருஷம் கண்ணைக் காட்டினீங்களா?"

"போன வருஷம் காட்டினேன்."

"இந்த வருஷம்?"

அவர் குழாயைத் தாங்கியில் வைத்தார். சின்னவள் பதிவேட்டில் இரண்டு என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துக்காக அவர் பக்கம் தள்ளினாள்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அந்த டாக்டர் இருப்பார். நானும் வர்றேன்க்கா," என்றாள்.

மேற்பார்வையாளர் எண்ணை ஒருமுறை பார்த்தார். கையெழுத்துப் போட்டார். "எட்டுன்னா எட்டு. தாமதமா வந்தா நான் கிளம்பிடுவேன்," என்று சொல்லிவிட்டு, அடுத்த குழாயை எடுத்தார்.